பிள்ளைக்கு வடிவமும் வழியும் பிடிபட: தீப்பெட்டியிலிருந்து மாசி வீதி வரை முழு வழிகாட்டி

மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு, சாமி கும்பிட்டுத் தெற்கு வாசலில் வெளியே வந்து, அங்கே நின்று செருப்பைத் தேடுகிற பெரியவர்களை எந்த நாளும் பார்க்கலாம். நான் கல்லூரி முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், அதாவது பொருள்களின் தோற்றத்தை அளவோடு தாளில் வரையும் பாடத்துக்கு, டியூஷன் எடுக்கிறேன். பிளஸ் டூ கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கிய பையன்கூட, கூம்பைச் சாய்வாக வெட்டினால் வெட்டுமுகம் எப்படி இருக்கும் என்று கேட்டதும் விட்டத்தைப் பார்ப்பான்.

இந்த இரண்டு தடுமாற்றமும் இட அறிவு சார்ந்தவை. பொருளை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது, வேறு இடத்தில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஊகிப்பது, நடந்த வழியை மனதில் படமாக வைத்துக்கொள்வது எல்லாம் இதில் அடங்கும். நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரை மொட்டை மாடியில் வைத்து இதைப் பழக்குகிறேன். மூன்று வயது முதல் பதினொன்று வரை இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் எங்கே சறுக்குகிறார்கள் என்பதும் இப்போது தெரியும். பெரும்பாலும் வரிசையில்தான். கையும் வாயும் முதலில், அப்புறம் மனம், கடைசியில் தாள். தாளிலிருந்து தொடங்குகிறவர்கள் இரண்டாவது வாரத்திலேயே என்னிடம் வந்து அலுத்துக்கொள்கிறார்கள்.

1. முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்யுங்கள்

"இந்த விளையாட்டுச் சாமானை வாங்கிக் கொடுத்தால் ஐஐடி போவானா?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அப்படி எந்தச் சாமானும் இல்லை.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு. இட அறிவு பிறவியில் வந்து அப்படியே நின்றுவிடுவதில்லை, பழகினால் கூடும். 2013இல் டேவிட் உட்டலும் அவருடன் வேலை செய்தவர்களும் 217 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சியில் கிடைத்த முன்னேற்றம் பயிற்சி முடிந்த பிறகும் நிற்கிறது, பழகாத வேலைகளுக்கும் ஓரளவு பரவுகிறது என்பது அதில் தெரிந்தது. அமெரிக்காவில் சுமார் 4 லட்சம் பள்ளி மாணவர்களைப் பதினோரு வருடத்துக்கு மேல் தொடர்ந்த தரவை 2009இல் அலசியபோது, பள்ளி வயதில் இட அறிவு மிகுந்திருந்தவர்கள் பின்னாளில் அறிவியல், பொறியியல் பக்கம் அதிகம் போயிருந்தார்கள்.

சிறுவயது விளையாட்டுக்கும் பின்னாள் திறனுக்கும் உள்ள தொடர்பு மட்டும் அவ்வளவு பெரியதல்ல. 1989இல் பேனிங்கரும் நியூகோம்பும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, தொடர்பு இருக்கிறது, ஆனால் சிறியது என்றுதான் கண்டார்கள். கட்டை அடுக்கியதால் திறன் வந்ததா, திறன் இருந்ததால் பிள்ளை கட்டையைத் தேடிப் போனதா என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியில் "விளையாட விடுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், எப்படி விளையாடுவது என்பதில் நேரம் செலவிடுகிறேன்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

கடையில் வாங்க அதிகம் இல்லை. ஒரே அளவுக் காலித் தீப்பெட்டிகள் முப்பது. மரப்பட்டறையில் கேட்டால் இரண்டங்குலச் சதுரக் கட்டைகள் அறுத்துத் தருவார்கள், இருபத்தேழு கட்டை இருந்தால் மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று கனசதுரம் அடுக்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகள், கிழித்த நாள்காட்டித் தாள், சாக்பீஸ், கோலமாவு, ஒரு கட்டம் போட்ட நோட்டு. களிமண்ணுக்கு விளாச்சேரிப் பக்கம் போனால் கொலு பொம்மை செய்கிறவர்களிடமே கேட்டு வாங்கலாம். ஆற்று மண்ணைப் போலக் கல் இருக்காது.

ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். ஞாயிறு ஒரு நாள் இரண்டு மணி நேரம் இழுப்பதைவிட தினம் இருபது நிமிடம் நல்லது. பிள்ளை அலுப்பதற்கு முன்பு எடுத்து வைத்தால் மறுநாள் தானே கேட்கும்.

3. முதல் வாரம் பார்த்துக் குறித்துக்கொள்வது மட்டும்

சொல்லிக்கொடுக்காதீர்கள். நான்கு தீப்பெட்டியை அடுக்கி ஒரு வடிவம் செய்து, "இதே மாதிரி நீயும் வை" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் வீட்டுக்குள் நின்றபடி, "நம்ம பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருக்கு, கை காட்டு" என்று கேளுங்கள். விடையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள், சரி தப்பு எதுவும் சொல்ல வேண்டாம்.

இதற்குக் காரணம் இருக்கிறது. மேசைமேல் உள்ள வடிவத்தைத் திருப்பிப் பார்ப்பதும் தெருவில் வழி அறிவதும் ஓரளவுதான் ஒன்றோடொன்று ஒட்டியவை. ஒன்றில் சூரனாக இருக்கும் பிள்ளை மற்றதில் தடுமாறலாம். எது பின்தங்கியிருக்கிறது என்று தெரியாமல் தொடங்கினால், ஏற்கெனவே நன்றாக வருவதையே செய்துகொண்டிருப்பீர்கள். பிள்ளைக்கும் அதுதான் பிடிக்கும்.

4. "அங்கிட்டு" என்ற சொல்லை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள்

மதுரைக்காரர்களுக்கு இதுதான் கஷ்டமான படி. "சாவி எங்கே?" "அங்கிட்டு இருக்கு பாரு." இதில் பிள்ளைக்கு ஒரு தகவலும் போய்ச் சேரவில்லை. "பீரோவுக்கு இடது ஓரம், கீழ்த் தட்டில், டப்பாவுக்குப் பின்னால்" என்று சொன்னால் நான்கு இடச் சொற்கள் காதில் விழுகின்றன.

2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிள்ளைகளை 14 மாதம் முதல் 46 மாதம் வரை வீட்டிலேயே போய்ப் பார்த்தார்கள். பெற்றோர் வடிவம், அளவு, ஓரம், மூலை போன்ற சொற்களை அதிகம் புழங்கிய வீடுகளில் பிள்ளைகளும் அதிகம் புழங்கினார்கள். அப்படிப் புழங்கிய பிள்ளைகள் நான்கரை வயதில் வடிவச் சோதனைகளை நன்றாகச் செய்தார்கள்.

நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. விளிம்பு, மூலை, ஓரம், குறுக்கே, நெடுக, சாய்வாக, செங்குத்தாக, தலைகீழாக, நேர் எதிரே. வாரத்துக்கு மூன்று சொல் எடுத்துக்கொண்டு சமையலறையிலேயே புழங்குங்கள். "தோசையைக் குறுக்கே மடிக்கவா, நெடுக மடிக்கவா?" என்று கேட்டாலே போதும்.

திசைச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அப்பத்தா, "வடக்காம தள்ளி உட்காரு" என்பார், வீட்டுக்குள்ளேயே. 1990களில் தமிழ்நாட்டில் ஆய்வு செய்த எரிக் பீடர்சன் என்ற மொழியியலாளர், கிராமத்துத் தமிழர்கள் பக்கத்தில் இருக்கும் சாமானுக்குக்கூட வடக்கு, தெற்கு சொல்வதையும், நகரத்துத் தமிழர்கள் இடது, வலது சொல்வதையும் கவனித்தார். நகரத்துப் பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். இடது, வலது என்பவை நாம் திரும்பினால் கூடவே திரும்பிவிடும். வடக்கு அங்கேயே நிற்கும்.

இங்கே வரும் பிழை: சொல்லைப் பாடமாக்குவது. "கிழக்கு எது, மேற்கு எது, சொல்லு" என்று மாமா, அத்தை முன்னால் நிறுத்திக் கேட்டால் அன்றோடு ஆர்வம் போயிற்று.

5. கட்டையும் துண்டுப் படமும்

மூன்று வயதுப் பிள்ளைக்குக் கல்யாணப் பத்திரிகையை நான்கு துண்டாக வெட்டிக் கொடுங்கள். சேர்க்க வந்ததும் ஆறு, அப்புறம் ஒன்பது. நேர்கோட்டில் மட்டும் வெட்டாமல் சாய்வாகவும் வெட்டினால் துண்டைத் திருப்பிப் பார்க்க வேண்டிய கட்டாயம் வரும். அந்தத் திருப்பல்தான் நமக்கு வேண்டியது. 2012இல் வந்த ஓர் ஆய்வில் 26 முதல் 46 மாத வயதுக்குள் துண்டுப் படம் சேர்த்து விளையாடிய பிள்ளைகள், விளையாடாதவர்களைவிட நான்கரை வயதில் வடிவத்தை மனதில் திருப்பும் வேலையை நன்றாகச் செய்தார்கள். ஐம்பத்து மூன்று பிள்ளைகள் கொண்ட சிறிய ஆய்வுதான், அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டைக்கு நான் வைத்திருக்கும் வரிசை இது. முதலில் கண் முன்னால் இருக்கும் வடிவத்தைப் பார்த்து அடுக்குவது. அடுத்தது, நடுவில் ஒரு தட்டியை வைத்து, நீங்கள் வாயால் சொல்ல, பிள்ளை அடுக்குவது. மூன்றாவது, பிள்ளை சொல்ல, நீங்கள் அடுக்குவது. இதில்தான் சிரிப்பு அதிகம், கற்பதும் அதிகம், ஏனென்றால் சொல் பிசகினால் கோபுரம் கோணலாகிவிடும். நான்காவது, வடிவத்தைப் பத்து நொடி காட்டி மூடிவிட்டு, நினைவிலிருந்து அடுக்கச் சொல்வது. ஐந்தாவது, "இதைக் கால்வட்டம் திருப்பினால் எப்படி இருக்கும்?" என்று கேட்டு, பிள்ளை யோசித்துச் சொன்ன பிறகே திருப்பிக் காட்டுவது.

ஐந்தாவதில் அவசரப்படாதீர்கள். 1971இல் ராஜர் ஷெப்பர்டும் ஜாக்லின் மெட்ஸ்லரும் பெரியவர்களிடம் செய்த சோதனையில், வடிவம் எவ்வளவு பாகை திரும்பியிருக்கிறதோ அதற்கேற்ப விடை சொல்லும் நேரமும் கூடிக்கொண்டே போனது. மனதுக்குள்ளும் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திரும்புகிறது. தலைகீழாகத் திருப்பினால் என்னவாகும் என்று கேட்டுவிட்டு மூன்று நொடியில் "என்னடா இது தெரியலையா?" என்பது நியாயமில்லை.

இந்தப் படியில் மிகப் பெரிய பிழை பெற்றோரின் கை. துண்டு பொருந்தாமல் பிள்ளை தடுமாறும்போது நம் விரல் தானாக நீண்டு திருப்பி வைத்துவிடும். எங்கள் மாடியில் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பது விதி. தாத்தாக்களிடம் மட்டும் அந்த விதி செல்லுபடியாவதில்லை.

6. கோலம்: பாதியை வரைந்து கொடுங்கள்

கோலத்தைப் பார்த்து அப்படியே போடுவது ஐந்தாறு வயதில் கைப்பழக்கத்துக்கு நல்லது, அவ்வளவுதான். இட அறிவுக்கு வேலை வருவது மறைந்திருக்கும் பகுதியை ஊகிக்கும்போது.

முதலில் புள்ளி மட்டும் வைக்கப் பழக்குங்கள். ஐந்து புள்ளி, ஒன்று வரை நேர்ப்புள்ளி என்றால் 1, 3, 5, 3, 1 என்று பதின்மூன்று புள்ளி. ஐந்து புள்ளி, மூன்று வரை ஊடுபுள்ளி என்றால் 3, 4, 5, 4, 3 என்று பத்தொன்பது. நேர்ப்புள்ளியில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வரும், ஊடுபுள்ளியில் இரண்டு புள்ளிக்கு நடுவில் வரும். பிள்ளைகள் இந்த இரண்டையும் குழப்புவார்கள், ஓரம் கோணும். கோணட்டும், அழிக்காதீர்கள். கோடு போட்டுப் பார்க்கும்போது எங்கே பிசகியது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

அடுத்து, கோலத்தின் இடது பாதியை நீங்கள் போட்டுவிட்டு வலது பாதியைப் பிள்ளையிடம் விடுங்கள். கண்ணாடியில் தெரிவது போல மாற்றிப் போட வேண்டும். அது வந்த பிறகு கால் பங்கு மட்டும் போடுங்கள். அதற்கும் பிறகு, பிள்ளையை எதிர்ப்பக்கம் உட்கார வைத்துத் தலைகீழாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு முன்னால் இந்தக் கடைசிப் படிக்கு நான் போவதில்லை.

சிக்குக் கோலம் வந்தால் ஒரு புதிர் வைக்கலாம். ஒவ்வொரு இரண்டு புள்ளிக்கும் நடுவில் கோடுகள் வெட்டிப் போகும் சாதாரணச் சிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மூன்று புள்ளி வைத்தால் முழுக்கோலமும் ஒரே இழையில் முடியும். மூன்றுக்கு மூன்று வைத்தால் மூன்று தனித்தனி இழை வரும். மூன்றுக்கு நான்கு? போடுமுன் ஊகிக்கச் சொல்லுங்கள். அது மறுபடி ஒரே இழை. இரண்டுக்கு நான்கு என்றால் இரண்டு இழை. இரு எண்ணுக்கும் உள்ள மீப்பெரு பொதுக்காரணிதான் இழைகளின் எண்ணிக்கை. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இதைத் தானாகக் கண்டுபிடித்து ஓடி வந்தாள். அன்று டீ ஆறிப்போனது தெரியாமல் இரண்டு பேரும் மாடி முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தோம்.

7. மடிப்பதும் வெட்டுவதும்

நாள்காட்டித் தாளை நான்காக மடித்து, ஓரிடத்தில் ஓட்டை போடுங்கள். பிரிக்காமல், "எத்தனை ஓட்டை, எங்கெங்கே?" என்று கேளுங்கள். சாக்பீஸால் தரையில் வரைந்த பிறகு பிரித்துப் பாருங்கள். திறன் சோதனைகளில் வரும் மடிப்புத்தாள் கேள்வி இதேதான், நாம் அதைக் கையால் செய்கிறோம்.

வெட்டுவதற்குச் சமையலறைதான் சரியான இடம். பஜ்ஜி போடும் நாளில் வாழைக்காயைக் கையில் எடுத்து, "நெடுக வெட்டினால் என்ன வடிவம், குறுக்கே வெட்டினால் என்ன வடிவம், சாய்வாக வெட்டினால்?" என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். வெள்ளரிக்காயைக் குறுக்கே வெட்டினால் வட்டம், சாய்வாக வெட்டினால் நீள்வட்டம். களிமண்ணில் கூம்பு செய்து நூலால் அறுத்தால் முதலாண்டுப் பாடமே கையில் வந்துவிடும். ஊகம் முதலில், வெட்டு பிறகு. மாற்றிச் செய்தால் அது வெறும் காய்கறி நறுக்கல்.

8. மூன்று மலை

ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் செய்த ஒரு பழைய சோதனை உண்டு. மேசைமேல் மூன்று மலை மாதிரிகளை வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு பொம்மையை வைத்து, "பொம்மைக்கு மலை எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள். சிறு பிள்ளைகள் பெரும்பாலும் தங்களுக்குத் தெரிகிற காட்சியையே சொன்னார்கள். பிள்ளைக்குப் பழகிய பொருள்களை வைத்துக் கேட்டபோது மூன்று, நான்கு வயதிலேயே நன்றாகச் சொன்னதாக 1975இல் இன்னொரு ஆய்வு காட்டியது.

மதுரைக்கு மூன்று மலைக்குப் பஞ்சமா? ஆனைமலை, நாகமலை, பசுமலை. வீட்டில் சொம்பு, டம்ளர், உருளைக்கிழங்கு மூன்றையும் வைத்து, "எதிர்ல உட்கார்ந்திருக்கிற தங்கச்சிக்கு எது முன்னால தெரியும்?" என்று தொடங்குங்கள். விடை சொன்னதும் எழுந்து போய் அங்கே உட்கார்ந்து சரிபார்க்க விடுங்கள். நடந்து போய்ப் பார்ப்பதுதான் இதில் மருந்து, நீங்கள் விளக்குவது அல்ல.

அப்புறம் ஒரு நாள் ஒத்தக்கடைக்குப் பேருந்து ஏறுங்கள். தூரத்தில் யானை படுத்திருப்பது போலத் தெரிகிற ஆனைமலை, நரசிங்கப் பெருமாள் கோயில் அடிவாரத்தில் போய் நின்றால் வெறும் பாறைச் சுவர். "யானை எங்கே போச்சு?" என்று பிள்ளை கேட்டால் படி முடிந்தது. போகும்போது ஒரு படம், அடியில் ஒரு படம், கட்ட நோட்டில் வரையச் சொல்லுங்கள். தாளை இங்கேதான் முதல்முறை நிதானமாகக் கையில் எடுக்கிறோம்.

9. வீதியில் பிள்ளை முன்னால் நடக்கட்டும்

2022இல் வெளியான ஓர் ஆய்வில், 38 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 4 லட்சம் பேர் கைப்பேசி விளையாட்டு ஒன்றில் வழி கண்டுபிடித்தார்கள். நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் மொத்தத்தில் நன்றாகச் செய்தார்கள். சிகாகோ போலச் சதுரக்கட்டமாகத் தெரு போட்ட ஊர்களில் வளர்ந்தவர்கள் வளைந்து நெளிந்த வழிகளில் அதிகம் தடுமாறினார்கள். வளர்ந்த இடம் பெரியவரானபிறகும் தடம் விடுகிறது என்பது இதில் தெரிகிறது.

நம் பழைய ஊர் சதுரத்துக்குள் சதுரம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதி. சித்திரை வீதியில் வண்டி கிடையாது, அதனால் அங்கே தொடங்குங்கள். முதல் நாள் கோயிலை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு சுற்று. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. சித்திரைத் தேர் மாசி வீதிகளில் போகிற வரிசையும் இதுவே, பிள்ளைக்கு மறக்காது. கீழ மாசி வீதி என்றால் கிழக்கு, மேல மாசி வீதி என்றால் மேற்கு என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். இதை வெளியூர்ப் பெரியவர்களே கீழே, மேலே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது நாள் பிள்ளை முன்னால், நீங்கள் பத்தடி பின்னால். தப்பாகத் திரும்பினாலும் ஒரு முக்கு வரை விட்டுப் பிடியுங்கள். மூன்றாவது நாள், நடுவில் நிறுத்தி, "நாம் கிளம்பிய இடம் எந்தப் பக்கம்?" என்று கை காட்டச் சொல்லுங்கள். கோபுரத்தை மட்டும் அடையாளமாக வைக்காதீர்கள். நான்கு வெளிக்கோபுரங்களும் குழந்தைக் கண்ணுக்கு ஒன்று போலத்தான், செருப்புத் தொலைப்பவர்கள் உருவாவது இப்படித்தான். கோபுரத்தோடு பக்கத்தில் இருக்கும் கடை, திரும்பிய முக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள். நான்காவது நாள் வீட்டுக்கு வந்து வரைபடம்.

பள்ளிக்குத் தானாக நடந்து போகும் பிள்ளைகள், அழைத்துப் போகப்படும் பிள்ளைகளைவிட வழியை நன்றாக வரைந்தார்கள் என்று ரோம் நகரில் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நம் ஊர்ப் போக்குவரத்தில் ஏழு வயதைத் தனியாக அனுப்பச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. வண்டியின் முன்னால் நிற்க வைத்து, "இப்ப எந்தப் பக்கம் திரும்பணும்?" என்று பிள்ளை சொல்லித்தான் திரும்புவது என்று வைத்துக்கொண்டாலும் பலன் உண்டு. கூகுள் மேப் சத்தத்தை அப்போது அணைத்துவிடுங்கள்.

10. பையனுக்கு மாவு, பெண்ணுக்குச் சைக்கிள்

எங்கள் மாடிக்கு வரும் பெண் பிள்ளைகள் கோலத்தில் கெட்டி, தெருவில் தயக்கம். பையன்கள் நேர் எதிர். கிட்டிப்புள், பம்பரம், சைக்கிள் எல்லாம் ஒரு பக்கம், கோலமும் பூக்கட்டும் இன்னொரு பக்கம் என்று நாமே பிரித்துக் கொடுத்ததன் விளைவு என்றே நினைக்கிறேன்.

மேகாலயாவில் தாய்வழிச் சமூகமான காசி மக்களிடமும், தந்தைவழிச் சமூகமான கர்பி மக்களிடமும் ஒரே துண்டுப் புதிரைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. கர்பி பெண்கள் ஆண்களைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். காசி மக்களிடம் அந்த வித்தியாசமே தெரியவில்லை. அதனால் இங்கே படி எளிது: இருவருக்கும் இருபக்கமும் கொடுங்கள். பையன் மாவு எடுத்தால் சிரிக்கிற சித்தப்பாவைக் கொஞ்ச நேரம் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.

11. வயது தாண்டிவிட்டால்

முதலாண்டில் அரியர் விழுந்தபிறகு வருகிறவர்களுக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஷெரில் சோர்பி 1993 முதல், வடிவத் திருப்பல் சோதனையில் பின்தங்கிய பொறியியல் மாணவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தினார். வகுப்புக்குப் பின் அவர்களின் மதிப்பெண் கூடியது. பதினெட்டு வயதிலும் வரிசை மாறுவதில்லை.

டிராஃப்டர் என்ற வரைகருவியை ஓரம் வையுங்கள். ஒரு துணி சோப்புக் கட்டியும் கத்தியும் எடுத்து, கணக்கில் உள்ள வடிவத்தை முதலில் செதுக்குங்கள். அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து முன்தோற்றம், மேலிருந்து பார்த்து மேல்தோற்றம், இரண்டையும் வாயால் சொல்லுங்கள். சோப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, பக்கத் தோற்றத்தை யோசித்துக் கையால் வரையுங்கள். அப்புறம் சோப்பை எடுத்துச் சரிபாருங்கள். இப்படிப் பதினைந்து சோப்பு. செதுக்கிய துகளைத் தூக்கிப் போட வேண்டாம், துணி துவைக்க ஆகும் என்று என் மாணவன் ஒருவனின் அம்மா சொல்லி அனுப்பினார்.